ராகு காலம் முடிந்து கிள்ளானுக்கு

கோலாலம்பூரில் யாரும் ஹார்ன் அடிப்பதில்லை. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் விமான நிலையத்திலிருந்து வரும்போதே இதைக் கவனித்துவிட்டேன். கண்ணுக்கெட்டிய தூரம் வரை சிவப்பு விளக்குகள். ஒரு கார் நகரவில்லை. எங்கள் கரூரில் ரவுண்டானாவில் ஒரு மினி பஸ் இரண்டு நிமிடம் குறுக்கே நின்றால் போதும், பின்னால் இருப்பவர்கள் ஹார்னில் வைத்த கையை எடுக்க மாட்டார்கள். டிரைவருடைய பரம்பரையையே இழுத்துவிடுவார்கள். அதில் நம் எரிச்சலும் கொஞ்சம் இறங்கும். இங்கே எல்லாரும் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்கள். அந்த அமைதிதான் எனக்கு என்னவோ செய்தது.

"இவங்களுக்கெல்லாம் வீடு போய்ச் சேர வேண்டாமா?" என்று மாப்பிள்ளை பிரபுவிடம் கேட்டேன்.

"வேணும் அத்தை. ஆனா ஹார்ன் அடிச்சா முன்னாடி நிக்கிறவன் எங்க போவான்?"

நியாயமான கேள்விதான். நானும் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அவர்கள் வீடு இருக்கும் பிரிக்பீல்ட்ஸ் வந்து சேர இரண்டரை மணி நேரம் ஆனது.

ஊர் சுற்றிப் பார்க்க வந்த ஆள் இல்லை நான். கரூரில் ஒரு ஏற்றுமதி நிறுவனத்தில் இருபது வருடமாகத் தையல் குறை பார்க்கிற வேலை. திரைச்சீலையில் ஒரு நூல் விலகியிருந்தாலும் ஒதுக்கி வைத்துவிடுவேன். வீட்டிலும் அப்படித்தான் என்று வீட்டுக்காரர் சொல்வார். என் ஒரே மகள் தாரணி கல்யாணமாகி நான்கு வருடமாக இங்கே இருக்கிறாள். இப்போது நிறைமாதம். குழந்தை தலைகீழாகத் திரும்பாமல் உட்கார்ந்த நிலையிலேயே இருப்பதால் அறுவை சிகிச்சைதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்குத்தான் வந்தேன்.

இதற்கு முன் ஒன்று தங்கவில்லை. ஐந்தாம் மாதம். அப்போது எனக்கு பாஸ்போர்ட்டே கிடையாது. ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து அவள் வீடியோவில் அழுததை அடுப்படியில் நின்றுகொண்டு பார்த்தேன். போனைத் துடைத்தேன், கண்ணைத் துடைத்தேன். வேறு எதுவும் என்னால் முடியவில்லை. அப்போதே சொல்லிவிட்டாள்: "அடுத்த தடவை நீ இருக்கணும்மா. ஆபரேஷன் ரூம் கதவு வரைக்கும் என் கையப் பிடிச்சுட்டு வரணும்." வருகிறேன் என்று சொன்னேன். அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே ஊசி என்றால் நடுக்கம். பள்ளிக்கூடத்தில் தடுப்பூசி போடுகிற நாளில் என் சேலைக்குள் ஒளிந்துகொள்வாள்.

புதன்கிழமை, கறிவேப்பிலை வாங்கிவரக் கீழே இறங்கினேன். வீடு பதினான்காவது மாடி. கடை எதிர்ப்பக்கம்தான், சத்தம் போட்டுக் கூப்பிட்டால் கேட்கும். ஆனால் நடுவில் ரோடு. ஒருவழிப் பாதை என்று நினைத்து ஒரு பக்கம் மட்டும் பார்த்துக்கொண்டு இறங்கினேன். இன்னொரு பக்கமிருந்து ஒரு மோட்டார் சைக்கிள் என் முந்தானையை உரசிக்கொண்டு போனது. மறுபடி திண்டில் ஏறி நின்றுவிட்டேன். கால் மணி நேரம் நின்றிருப்பேன்.

பக்கத்தில் வெள்ளைக் கோலுடன் ஒரு ஆள் வந்து நின்றார். கறுப்புக் கண்ணாடி. பார்வை இல்லாதவர்கள் நிறையப் பேர் இந்தப் பகுதியில் இருக்கிறார்கள், மசாஜ் நிலையங்களில் வேலை செய்கிறார்கள் என்று தாரணி சொல்லியிருந்தாள்.

"ரொம்ப நேரமா நிக்கிறீங்க போல. வளையல் சத்தம் ஒரே எடத்துலயே கேக்குது" என்றார். "அந்தக் கம்பத்துல பட்டன் இருக்கு, அமுக்குங்க ஆன்டி. டிக்கு டிக்குன்னு சத்தம் வரும். அப்பறம் என்கூட வாங்க லா." இந்த 'லா' இங்கே எல்லார் பேச்சிலும் ஒட்டிக்கொண்டு வருகிறது.

அமுக்கினேன். சத்தம் வந்தது. கண் தெரியாதவர் கையைப் பிடித்துக்கொண்டு கண் தெரிந்த நான் ரோட்டைக் கடந்தேன். அங்கே போய் வெட்கமாக இருக்கிறது என்றேன். "எனக்கு காடியெல்லாம் தெரியாது, அதான் பயம் இல்ல" என்று சிரித்துவிட்டுப் போனார். காரைத்தான் இங்கே காடி என்கிறார்கள்.

எதிர்வீட்டு லெட்சுமி அக்கா மலேசியாவிலேயே பிறந்து வளர்ந்தவர். தினமும் காலையில் கதவைத் தட்டி, "பசியாறிட்டீங்களா?" என்று கேட்பார். காலைச் சாப்பாட்டைத்தான் அப்படிக் கேட்கிறார்கள். எங்கள் ஊரில் 'சாப்டீங்களா' என்று ஒப்புக்குக் கேட்டுவிட்டுப் போவோம். இவர் கேட்டுவிட்டு ரொட்டி சானாயும் பருப்புக் குழம்பும் கையில் கொடுத்துவிட்டுத்தான் போவார். பரோட்டாவுக்குத் தம்பி முறை வேண்டும் அந்த ரொட்டி. பிய்த்தால் பட்டுப்போல் வருகிறது. டாக்டர் எண்ணெய் கூடாது என்று சொல்லியும் தாரணி இரண்டு தின்றாள். நான் பார்க்காததுபோல் இருந்துவிட்டேன்.

வியாழக்கிழமை அவளை ஆஸ்பத்திரியில் சேர்க்க, முப்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கிள்ளானுக்கு அழைத்துப் போனோம். பிரிக்பீல்ட்ஸில் இல்லாத ஆஸ்பத்திரியா என்றால், போன முறை அவளைப் பார்த்துக்கொண்ட டாக்டரம்மா இப்போது கிள்ளானில் இருக்கிறார். அவரை விட்டால் வேறு யாரிடமும் போக மாட்டேன் என்று தாரணி பிடிவாதமாக இருந்தாள். லெட்சுமி அக்காவுக்குத் தெரிந்த மணியம் என்பவர் கார் ஓட்டி வந்தார். செராஸில் வீடு. ஐம்பது வயதிருக்கும். முகப்பில் முருகன், அதற்குக் கீழே ஒரு பெரிய தண்ணீர் பாட்டில், ஒரு டவல், ஒரு பொட்டலம் முறுக்கு. நெரிசலில் குடித்தனம் நடத்துவதற்கு வேண்டியது எல்லாம் வைத்திருந்தார்.

அன்றைக்குப் பதினொரு மணிக்குக் கிளம்பி நாற்பதே நிமிடத்தில் கிள்ளான் போய்விட்டோம். பெடரல் ஹைவே துடைத்துவிட்டதுபோல் இருந்தது. இதற்கா இவ்வளவு பயமுறுத்தினார்கள் என்று நினைத்தேன். அந்த நாற்பது நிமிடம் என் மனதில் ஆணியடித்து உட்கார்ந்துவிட்டது.

டாக்டரம்மாவிடம் நான்தான் பேச்சை எடுத்தேன். கரூரில் எங்கள் குடும்பத்து ஜோசியர் நேரம் குறித்துக் கொடுத்திருந்தார். வெள்ளிக்கிழமை மதியம் ஒன்று பத்திலிருந்து ஒன்றரைக்குள் குழந்தை வெளியே வர வேண்டும். டாக்டரம்மா சிரிக்கவில்லை.

"இங்க நெறைய பேர் கேப்பாங்க ஆன்டி. சீனவங்களும் நாள் பார்த்துட்டுதான் வராங்க. பன்னெண்டே முக்காலுக்கு உள்ள கூட்டிட்டுப் போனா சரியா இருக்கும். ஆனா அம்மாவும் பிள்ளையும்தான் எனக்கு முக்கியம். நேரத்துக்கு கேரண்டி கெடையாது."

"கதவு வரைக்கும் நான் வரலாமுங்களா?"

"தாராளமா. பன்னெண்டரைக்குள்ள வந்துருங்க."

தாரணி என் விரலைப் பிடித்து அமுக்கினாள்.

இரவு ஒருவர்தான் உடன் தங்கலாம் என்றார்கள். பிரபு இருந்துகொண்டார். நான் பிரிக்பீல்ட்ஸ் திரும்பி, காலையில் கஞ்சியும் மாற்றுத் துணியும் எடுத்துக்கொண்டு வருவதாக ஏற்பாடு. சாயங்காலம் திரும்பும்போது காலையில் நாற்பது நிமிடமான அதே ரோடு இரண்டு மணி நேரம் பிடித்தது. மணியம் முறுக்கைப் பிரித்து என்னிடம் நீட்டினார்.

"சாயந்தரம்னா இப்பிடித்தான் அக்கா. நாளைக்கு வெள்ளிக்கெழமை, மத்தியானத்துல மாட்டிக்கக் கூடாது. ஜும்மா தொழுகைக்கு எல்லாரும் கெளம்பிருவாங்க, பள்ளிவாசல் பக்கமெல்லாம் ரோட்லயே காடிய போட்டுட்டுப் போயிருவாங்க. நான் பத்து மணிக்கு வந்துர்றேன்."

"பத்தரைக்கு ராகு காலம் ஆரம்பிக்குதுங்க. அதுக்கு முன்னாடி வாசல் தாண்டிரணும்."

"கண்டிப்பா லா."

வெள்ளிக்கிழமை ஒன்பதரைக்கே நான் தயார். கஞ்சி ஒரு தூக்கில், துணி ஒரு பையில், திருநீறு ஒரு பொட்டலத்தில். மணியம் பத்து மணிக்கு வரவில்லை. போன் வந்தது. செராஸில் ஏதோ பள்ளம் தோண்டியிருக்கிறார்கள், வந்துகொண்டே இருக்கிறேன் என்றார். பத்து இருபதுக்கு, இன்னும் ஐந்தே நிமிடம் என்றார். ஜன்னலிலிருந்து கீழே பார்த்தேன். ஒரு கார் அசையவில்லை. பதினான்கு மாடிக்குக் கீழே எல்லாம் நகை டப்பாவில் அடுக்கி வைத்ததுபோல் வரிசையாக, சத்தமில்லாமல் நின்றன. அவர் வாசலில் வந்து நின்றபோது பத்து முப்பத்தேழு.

"வாங்க அக்கா, ஏறுங்க. லேட்டாயிருச்சு."

நான் கதவுக்கு உள்ளேயே நின்றேன். "பன்னெண்டு மணிக்குப் போலாமுங்க."

அவருக்குப் புரியவில்லை. புரிந்ததும் தலையில் கையை வைத்துக்கொண்டார்.

"அக்கா, நானும் சாமி கும்பிடற ஆள்தான். ஆனா நாள் பூரா காடி ஓட்டறவன் ராகு காலம் பாத்தா வீட்டுலதான் படுத்திருக்கணும். பன்னெண்டுக்கு எடுத்தா நடு ஜேம்ல போய் நிப்போம்."

"நேத்து நாப்பது நிமிஷத்துல போனோமுங்களே. பன்னெண்டு நாப்பதுக்குப் போயிரலாம். உள்ள கூட்டிட்டுப் போறதுக்கு அஞ்சு நிமிஷம் இருக்கும்."

"நேத்து வியாழக்கெழமை, அக்கா."

சத்தம் கேட்டு லெட்சுமி அக்கா வெளியே வந்தார். அவர் என் பக்கம் பேசினாரா மணியம் பக்கம் பேசினாரா என்று இன்றுவரை தெரியவில்லை. "பத்தரைக்கு முன்னாடியே பைய எங்க வீட்ல கொண்டாந்து வச்சிருந்தா கெளம்பினதாக் கணக்கு ஆயிருக்கும்ல? பரஸ்தானம் வைக்கிறதுன்னு எங்கம்மாவும் செய்வாங்க. ஒரு வார்த்த கேட்ருக்கலாம்" என்றார். எனக்கும் அது தெரியும். கார் வந்துவிடும் வந்துவிடும் என்று ஜன்னலிலேயே நின்றதில் மறந்துவிட்டேன். கூப்பிடு தூரத்தில் பெரிய ஸ்டேஷன், அங்கிருந்து கிள்ளானுக்கு ரயில் இருக்கிறது, அதில் போங்களேன் என்றும் சொன்னார். ரயிலானால் என்ன, காரானால் என்ன, வாசல் தாண்டுவது தாண்டுவதுதானே.

போன முறை தாரணி வலி வந்து ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டது ராகு காலத்தில். பிற்பாடு கணக்குப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அதற்கும் இதற்கும் தொடர்பில்லை என்று படித்தவர்கள் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். என் காலை அந்த வாசலுக்கு வெளியே வைக்க என்னால் முடியவில்லை. அவ்வளவுதான்.

பிரபு போன் செய்தார். "அத்தை, எங்க வந்துட்டு இருக்கீங்க?"

சொன்னேன். பிறகு தாரணி வாங்கிப் பேசினாள்.

"ராகு காலம்னா வேண்டாம்மா. பன்னெண்டுக்கே கெளம்பு. வந்துருவேயில்ல?"

"வந்துருவேன் கண்ணு."

"இங்க ஊசி மருந்தெல்லாம் பெட்டு பக்கத்துலயே வச்சிருக்காங்க. நான் அந்தப் பக்கம் பாக்கவே இல்ல."

மணியம் படிக்கட்டில் உட்கார்ந்து, போனில் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். முதலில் மஞ்சளாக இருந்த கோடு சிவப்பாக மாறியபோது என்னிடம் காட்டினார். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

பன்னிரண்டு அடித்ததும் இறங்கினோம். பன்னிரண்டு ஐந்துக்கு ரோட்டில் இருந்தோம். பன்னிரண்டு இருபதுக்கும் அதே ரோட்டில்தான் இருந்தோம். பங்சார் பக்கம் ஒரு பள்ளிவாசலைச் சுற்றி இரண்டு பக்கமும் கார்களை நிறுத்திவிட்டு, பளபளப்பான சட்டையும் இடுப்பில் சரிகைத் துணியும் கட்டிய ஆண்கள் கூட்டம் கூட்டமாக நடந்தார்கள். அப்பாவும் பிள்ளையுமாக ஒரே நிறத்தில் உடுத்தியிருந்தார்கள். வேறொரு நாள் என்றால் கண்ணாடியை இறக்கி நன்றாகப் பார்த்திருப்பேன். இரண்டு கார்கள் போகிற இடத்தில் ஒன்றுதான் போனது. அவர்கள் தங்கள் நேரத்துக்குச் சரியாகப் போய்க்கொண்டிருந்தார்கள். நான்தான் என் நேரத்தைப் பார்த்து அவர்கள் நேரத்தில் போய் விழுந்திருந்தேன்.

ஹைவேயில் ஏறியதும் கொஞ்சம் ஓடியது. மணியம் லேன் மாற்றி மாற்றி ஓட்டினார். பெட்டாலிங் ஜெயா தாண்டியது. சுபாங் தாண்டியது. முடிந்துவிடும் போலிருக்கிறது என்று திருநீறை நெற்றியில் இட்டுக்கொண்டேன். பன்னிரண்டு நாற்பத்திரண்டுக்கு எல்லாம் நின்றது.

மெதுவாகப் போகவில்லை. நின்றது. முன்னால் இருந்த லோரிக்காரர் என்ஜினை அணைத்துவிட்டுக் கீழே இறங்கி எட்டிப் பார்த்தார். மணியம் கண்ணாடியை இறக்கி மலாயில் கேட்டார். ஷா ஆலாமுக்கு முன்னால் ஒரு லோரி கவிழ்ந்து மூன்று லேனையும் அடைத்துக்கொண்டதாம். ஒரு மணி நேரமாவது ஆகும் என்று மணியம் மொழிபெயர்த்தார். அப்போதும் ஒருவர் ஹார்ன் அடிக்கவில்லை. எனக்கு மணியத்தைத் தாண்டிக் கையை நீட்டி ஹார்னை அழுத்த வேண்டும் போலிருந்தது. உண்மையில் அழுத்தியும் விட்டேன். அக்கம்பக்கத்துக் கார்களிலிருந்து எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

"அக்கா, அக்கா. பொறுங்க."

"எம் புள்ள அங்க நடுங்கிட்டுக் கெடக்குறா!" என்று கத்தினேன். கத்தியதும் அழுகை வந்துவிட்டது.

பிரபுவிடமிருந்து போன். "அத்தை, ஸ்ட்ரெச்சர் கொண்டு வந்துட்டாங்க." இன்னும் ஏதோ சொன்னார். பக்கத்து லேனில் நின்ற லோரி சத்தத்தில் கேட்கவில்லை. "வந்துட்டே இருக்கேன், வந்துட்டே இருக்கேன்" என்று மட்டும் சொன்னேன். நின்ற இடத்தில் நின்றுகொண்டுதான் அதைச் சொன்னேன்.

நிற்கிற கார்களுக்கு நடுவே மோட்டார் சைக்கிள்கள் மட்டும் நெளிந்து போய்க்கொண்டிருந்தன. மணியம் கையை நீட்டி ஒன்றை நிறுத்தினார். மலாய்க்காரர், தொழுகைக்குப் போகிற உடுப்பு. நெஞ்சில் கையை வைத்து மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போய்விட்டார். அடுத்தவரும் அப்படியே. மூன்றாவதாக வந்தது ஒரு மலாய்ப் பெண். தலையில் முக்காடு, அதன்மேல் ஹெல்மெட், பின்னால் பார்சல் பெட்டி. மணியம் கடகடவென்று பேசினார். அந்தப் பெண் என்னைப் பார்த்தாள், என் சேலையைப் பார்த்தாள். பெட்டியைக் கழற்றி மணியத்தின் கார் டிக்கியில் போட்டாள்.

"ஏறுங்க மக்சிக்னு சொல்றாங்க" என்றார் மணியம். மக்சிக் என்றால் பெரியம்மா மாதிரி. "பத்து தீகான்னு ஒரு ஸ்டேஷன், அங்க எறக்கி விட்ருவாங்க. கிள்ளானுக்கு நாலே ஸ்டேஷன். டிக்கெட்டும் அவங்களே எடுத்துத் தருவாங்க. பொட்டிக்கு நான் இங்கயே காவல். எங்க போயிரப் போறேன்!"

இன்னொரு ஹெல்மெட் அவளிடம் இருந்தது. மகளுடையதாம். பூனைப் படம் போட்ட இளஞ்சிவப்பு ஹெல்மெட் என் கொண்டைக்கு மேல் பாதிதான் இறங்கியது. பையையும் தூக்கையும் காரிலேயே விட்டுவிட்டு, ஒரு பக்கமாக உட்கார்ந்து அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டேன். ஐம்பத்தெட்டு வயதில் முன்பின் தெரியாதவள் முதுகில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தேன். லோரி டயர்களுக்கும் காருக்கும் நடுவே முழங்கால் உரசும் அளவு இடம். ஒரு கண்ணாடியைத் தட்டினோம். அவள் திரும்பி ஏதோ சொன்னாள். ஒரு வார்த்தை புரியவில்லை, ஆனால் பிள்ளை பெற்றவள் சொல்வதுபோல் இருந்தது. நான் தமிழில் "சரி சாமி, சரி சாமி" என்றேன்.

ஸ்டேஷனில் அவளே ஓடிப்போய் டிக்கெட் எடுத்து, கேட்டைத் திறந்து என்னை உள்ளே தள்ளினாள். பேர்கூடக் கேட்கவில்லை நான். ஹெல்மெட்டைத் திருப்பிக் கொடுத்ததே அதிசயம்.

ஒன்று எட்டுக்கு ரயில் வந்தது. குளிர்ந்த, காலியான, சுத்தமான ரயில். பிரிக்பீல்ட்ஸ் பக்கமிருந்துதான் வருகிறது. காலையில் பத்து மணிக்கே நடந்துபோய் இதில் ஏறியிருக்கலாம். பத்து முப்பத்தேழுக்கு ஏறியிருந்தாலும் பன்னிரண்டுக்குள் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். கதவோரம் நின்றுகொண்டு பிரபுவுக்கு அழைத்தேன். எடுக்கவில்லை. மறுபடி அழைத்தேன். எடுக்கவில்லை. ஷா ஆலாமில் நின்றபோது ஒருவர் ஏறுவதற்காகக் கதவு கொஞ்சம் கூடுதலாகத் திறந்திருந்தது. அந்த மனிதர்மேல் எனக்கு வந்த கோபம் அவருக்குத் தெரிந்திருந்தால் இறங்கிப்போயிருப்பார்.

ஒன்று இருபத்தாறுக்குக் கிள்ளான். வெளியே லிட்டில் இந்தியா. சேலைக் கடை, பூக்கடை, பாட்டுச் சத்தம், அங்கேயும் நெரிசல். கார்களைத் தாண்டிக்கொண்டு ஓடினேன். மாலை கட்டிக்கொண்டிருந்த ஒரு அம்மாள் "பாத்து ஆன்டி, பாத்து!" என்று கூப்பிட்டார். செருப்பு அறுந்தது. அதையும் விட்டுவிட்டேன். மாடிக்கு வந்தபோது சுவர்க் கடிகாரத்தில் ஒன்று முப்பத்தொன்பது.

தியேட்டர் கதவுக்கு வெளியே யாரும் இல்லை. நாற்காலியில் தாரணியின் துப்பட்டா மட்டும் மடித்து வைக்கப்பட்டிருந்தது. அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் பச்சை உடுப்பில் பிரபு வெளியே வந்தார். கையில் துணிச் சுருள். அதற்குள் சுருங்கிய சின்ன முகம்.

"பொண்ணு அத்தை. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க."

குழந்தையை வாங்கவில்லை. அவர் முகத்தைத்தான் பார்த்தேன். "தாரணி பயந்தாளா?"

அவர் தரையைப் பார்த்தார். "நீங்க ஜேம்ல மாட்டிட்டீங்கன்னு தெரிஞ்சதும், ஒரு மணி நேரம் தள்ளிக்கூடப் பண்ணலாம், அம்மா வந்துரட்டும்னு டாக்டர் சொன்னாங்க அத்தை. அதத்தான் போன்ல சொன்னேன், உங்களுக்குக் கேக்கல. இவதான் ஒத்துக்கல. அம்மா குறிச்ச நேரம் போயிரும்னு சொல்லிட்டு அவளே ஸ்ட்ரெச்சர்ல ஏறிட்டா."

கையிலிருந்த துப்பட்டாவைப் பிரித்து மறுபடி மடித்தேன்.

"முதுகுல ஊசி போடறப்ப என்னை வெளிய நிறுத்திட்டாங்க. அழுது அழுது உடம்பு நடுங்குனதுல முதுகை வளைக்க முடியலயாம். மூணு தடவ குத்திருக்காங்க. யாரோ ஒரு நர்ஸ்தான் கட்டிப் பிடிச்சுக்கிட்டாங்களாம். அதுல கொஞ்சம் லேட்டாயிருச்சு." அவர் கையிலிருந்த தாளை நீட்டினார். பிறந்த நேரம் ஒன்று முப்பத்துநான்கு.

நான்கு நிமிடம். இருபது வருடம் குறை பார்த்த கண் அந்த எண்ணில் போய் நின்றுவிட்டது. பேத்தியை வாங்கிக்கொண்டேன். சூடாக இருந்தாள். நான் அழுதது சந்தோஷத்தில் என்று அங்கே போன நர்ஸ் நினைத்திருப்பார்.

தாரணியை வெளியே கொண்டுவந்தபோது இரண்டரை மணி. உதடு வெடித்திருந்தது. கண்ணை முழுதாகத் திறக்க முடியவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். கதவைத் தாண்டி வந்த பிறகு பிடித்தேன்.

"அம்மா" என்றாள். "நீ வர்றவரைக்கும் இருந்திருக்கலாம். நான்தான் போயிட்டேன். கோச்சுக்காத."

"கண்ணு..." அவள் நெற்றியில் ஒட்டிய முடியை ஒதுக்கிவிட்டேன்.

"நேரத்துக்குள்ள பொறந்துட்டாளாம்மா?"

பிரபு கட்டிலின் அந்தப் பக்கம், தாளைப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"பொறந்துட்டா சாமி" என்றேன். "நீ போனதுனாலதான் நேரத்துக்குப் பொறந்தா."

அவள் சிரித்துக்கொண்டே கண்ணை மூடினாள். பிரபு அந்தத் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.